வண்டி திருப்பும்போது டக் டக்னு சத்தம்: ரெண்டு ஆக்சிலையும் மாத்தணுமா?

கேள்வியை ஒருதடவ சுருக்கிச் சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். எட்டு வருஷ பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், ஃப்ரண்ட் வீல் டிரைவ், மேனுவல் கியர். கொல்லிமலை போய்ட்டு வந்ததுல இருந்து வலது பக்கம் யூ டர்ன் அடிச்சா டக் டக் டக்னு சத்தம் வருது, நேரா போனா ஒண்ணும் இல்ல. அது போக பார்க்கிங்ல வண்டிய நிப்பாட்டி வெச்சு ஸ்டியரிங் திருப்பினா அப்பப்ப "டங்"னு ஒரே ஒரு சத்தம். மெக்கானிக் பாத்துட்டு ரெண்டு பக்க ஆக்சிலும் போச்சு, ஸ்டியரிங் ராக்கும் (ஸ்டியரிங் திருப்பறத முன் சக்கரத்துக்குக் கடத்தற பல்லு வெச்ச கம்பி) மாத்திடலாம்னு ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கார். நம்பலாமானு கேக்குறீங்க.

பதில் முதல்ல சொல்லிடறேன் ப்ரோ: உங்க வண்டியில இருக்கறது ஒரு கோளாறு இல்ல, பெரும்பாலும் ரெண்டு தனித்தனி கோளாறு. ஓடும்போது வர்ற டக் டக் ஒரு பக்க வெளி சிவி ஜாயிண்ட், அதாவது ஆக்சிலோட சக்கரத்துப் பக்க மூட்டு. நின்னுட்டு திருப்பும்போது வர்ற டங் முன் ஷாக்குக்கு மேல இருக்கற ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். ராக் மேல நீங்க சொன்னத வெச்சு எனக்கு சந்தேகமே வரல. ஆனா நான் இங்க உக்காந்து சொல்றத வெச்சு பார்ட் வாங்கிடாதீங்க, ஒரு காலி மைதானத்துல கால் மணி நேரம் செலவு பண்ணா நீங்களே கண்டுபிடிச்சுடலாம், எப்படினு சொல்றேன்.

சத்தத்துல கவனிக்க வேண்டியது அது எவ்ளோ பெருசுங்கறது இல்ல, அது எதோட சேந்து வருதுங்கறதுதான். சக்கரம் சுத்தற வேகத்தோட சேந்து வேகமாகுதா, ஸ்டியரிங் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தா மட்டும் வருதா, ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும் வருதா, பள்ளத்துல இறங்கினா வருதா. இந்த நாலுல எதுனு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. நெறைய ஒர்க்‌ஷாப்ல இத யாரும் கேக்கறதே இல்ல, "முன்னாடி சத்தமா, சஸ்பென்ஷன் கிட் போட்டுடலாம்"னு ஆரம்பிச்சுடுவாங்க.

சிவி ஜாயிண்ட்னா என்னனு கொஞ்சம் பாத்துடலாம். எஞ்சின் சக்தி கியர்பாக்ஸ்ல இருந்து ஆக்சில் வழியா முன் சக்கரத்துக்கு போகணும், அதே சக்கரம் திரும்பவும் வேணும், மேல கீழ ஆடவும் வேணும். அதுக்குத்தான் ஒவ்வொரு ஆக்சிலோட ரெண்டு முனைலயும் ஒரு ஜாயிண்ட் இருக்கும். சக்கரத்துப் பக்கம் இருக்கறது வெளி ஜாயிண்ட், அதுக்குள்ள ஆறு ஸ்டீல் பந்து, அது ஓடறதுக்கு வழவழன்னு பள்ளம், பந்தைப் பிடிச்சு வெக்க ஒரு கூண்டு. ர்செப்பாங்கற இன்ஜினியர் 1920கள்ல அமெரிக்கால உருவாக்கின டிசைன் இது, 1959ல இங்கிலாந்து மினி கார்ல வந்ததுக்கப்புறம் சின்ன கார் எல்லாத்துக்கும் பரவுச்சு. நம்ம நாட்டுல அம்பாசடர், பத்மினி எல்லாம் பின் சக்கரம் தள்ற வண்டி, 1983ல மாருதி 800 வந்து முன் சக்கர டிரைவ் வீட்டுக்கு வீடு வந்தப்பதான் இந்த டக் டக் சத்தமும் கூடவே வந்துச்சு. அம்பாசடர்ல பழகின பெரியவங்களுக்கு இந்த சத்தம் இருந்ததே இல்ல, அவங்களுக்கு வேற சத்தங்கள் இருந்துச்சு.

இந்த ஜாயிண்ட் தானா தேயறது ரொம்ப மெதுவாத்தான். அத கொல்றது பெரும்பாலும் அத மூடியிருக்கற ரப்பர் உறை, அதாவது பூட், கிழியறதுதான். பூட் மடிப்புல ஒரு சின்ன வெடிப்பு விழுந்தாலே சக்கரம் சுத்தற வேகத்துல உள்ள இருக்கற கருப்பு கிரீஸ் வெளிய சிதறிடும், அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணியும் மணலும் உள்ள போகும், அப்புறம் பந்து ஓடற பள்ளத்துல குழி விழும். நேரா போகும்போது பந்து கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கும், அதனால சத்தம் இல்ல. ஃபுல் லாக், அதாவது ஸ்டியரிங் போற கடைசி வரைக்கும் திருப்பினா ஒவ்வொரு சுத்துக்கும் பந்து பள்ளத்துல முன்னயும் பின்னயும் ஓடணும், குழி மேல ஏறி இறங்கறதுதான் அந்த டக். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் முதல் கியர், ஃபுல் லாக், ஏத்தத்துல எஞ்சின் முழு பாரம். அதனால மலை ஜாயிண்ட்ட கெடுத்துச்சுனு நெனைக்காதீங்க, ஏற்கனவே கெட்டுப் போயிருந்தத மலை வெளிய காட்டிக் குடுத்துச்சு, அவ்ளோதான்.

இப்ப டெஸ்ட். காலி கிரவுண்டு, கண்ணாடி எல்லாம் இறக்கி, ஏசி பாட்டு எல்லாம் ஆஃப். ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர் இருந்தா இன்னும் நல்லது, சத்தம் திரும்பி காதுல விழும். ஸ்டியரிங்க ஃபுல்லா வலது பக்கம் ஒடிச்சு முதல் கியர்ல 10 கிலோமீட்டர் வேகத்துல வட்டம் அடிங்க. அந்த வேகத்துல உங்க சைஸ் சக்கரம் செகண்டுக்கு சுமார் ஒன்றரை சுத்து சுத்தும், டக் டக் அந்த தாளத்தோட ஒட்டி வரணும், வேகம் கூட்டினா தாளமும் கூடணும். இப்ப முக்கியமான விஷயம்: வட்டம் அடிச்சுட்டு இருக்கும்போதே கிளட்ச்ச மிதிச்சு வண்டிய உருள விடுங்க. சத்தம் சட்டுனு குறைஞ்சா இல்ல நின்னா அது சிவி ஜாயிண்ட், ஏன்னா எஞ்சின் பாரம் பந்து மேல இருந்து எறங்கிடுச்சு. உருளும்போதும் அதே மாதிரி வருதுன்னா டயர் கட்டைல கல்லு மாட்டியிருக்கா, டயர் உள் ஃபெண்டர் பிளாஸ்டிக்குல உரசுதா, வீல் பேரிங் போச்சானு அந்த வழியில போங்க. அதே மாதிரி இடது பக்கமும் ஒரு வட்டம்.

எந்தப் பக்க ஜாயிண்ட்? வலது திருப்பினா சத்தம் வந்தா இடது ஜாயிண்ட், இடது திருப்பினா வந்தா வலதுனு ஒரு பொது விதி சொல்வாங்க, திரும்பும்போது வெளிப்பக்க சக்கரத்து மேல பாரம் கூடுங்கறதால. பல நேரம் சரியா வரும், எப்பவும் வராது, சில வண்டில உள்பக்க சக்கரம்தான் கத்தும். அதுலயும் நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டறதால யூ டர்ன் எல்லாமே வலது பக்கம்தான், ஃபுல் லாக் அடிக்கறதே அங்கதான், அதனால எந்த ஜாயிண்ட் போனாலும் முதல்ல யூ டர்ன்லதான் காதுல விழும். அத வெச்சு பக்கம் முடிவு பண்ணாதீங்க. ஸ்டியரிங்க ஒடிச்சு வெச்சுட்டு டார்ச் அடிச்சு சக்கரத்துக்குப் பின்னாடி பூட்டப் பாருங்க, மடிப்ப விரல்ல விரிச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கோ, எந்தப் பக்கம் ரிம் உள்பக்கமும் ஷாக்கும் கருப்பு கிரீஸ் தெளிச்சு கெடக்கோ அதுதான் குத்தவாளி. ரெண்டு பூட்டும் முழுசா, காய்ஞ்சு சுத்தமா இருந்தா சிவி ஜாயிண்ட் மேல சந்தேகத்த கொஞ்சம் குறைச்சுக்கணும்.

ரிவர்ஸ்லயும் ஒரு வட்டம் அடிங்க. முன்னாடி போகும்போது பந்து பள்ளத்தோட ஒரு சுவர்ல அழுத்தும், பின்னாடி வரும்போது எதிர் சுவர்ல. ரிவர்ஸ்ல சத்தம் இல்லனா ஜாயிண்ட் நல்லா இருக்குனு அர்த்தம் இல்ல, அந்தப் பக்க சுவர் இன்னும் தேயலனு அர்த்தம். இத வெச்சுதான் சில பழைய மெக்கானிக்குங்க இடது ஜாயிண்ட்ட வலதுலயும் வலத இடதுலயும் மாத்திப் போட்டு சத்தத்த நிப்பாட்டுவாங்க. ஏமாத்து வேலைனு சொல்ல மாட்டேன், உண்மைலயே கொஞ்ச காலம் ஓடும், ஆனா கழட்டி மாட்டற கூலி ரெண்டு பக்கத்துக்கும் குடுத்துட்டு பழைய பார்ட்டயே மாட்டிக்கறதுல எனக்கு ஒப்புதல் இல்ல. வண்டிய சீக்கிரம் விக்கப் போறவங்க பண்ற வேலை அது. அதனால பழைய வண்டி வாங்கறவங்க டெஸ்ட் டிரைவ்ல ரெண்டு பக்கமும் ஃபுல் லாக் அடிச்சுப் பாக்கறதோட குனிஞ்சு பூட்டயும் பாருங்க.

அடுத்து அந்த டங். முன் ஷாக், அத சுத்தி ஸ்பிரிங், இது மொத்தத்தையும் ஸ்ட்ரட்னு சொல்வாங்க, நீங்க ஸ்டியரிங் திருப்பும்போது சேந்து திரும்பும். மேல பாடியோட சேர்ற இடத்துல ஒரு ரப்பர் மவுண்டும் ஒரு பேரிங்கும் இருக்கு. அந்த பேரிங்ல மண்ணும் தண்ணியும் போய் துருப்பிடிச்சு இறுகிட்டா கீழ் பக்கம் திரும்பும், மேல் பக்கம் திரும்பாது. ஸ்பிரிங் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கிட்டே போய் ஒரு கட்டத்துல துள்ளி விட்டுடும், அதுதான் டங். வண்டி ஓடணும்னு அவசியமே இல்ல, நின்ன இடத்துலயே வரும், நீங்க சொன்ன மாதிரியே. இன்னொரு அடையாளம், திருப்பினதுக்கு அப்புறம் ஸ்டியரிங் தானா நேருக்கு வராம சோம்பேறித்தனமா நிக்கும்.

இத உறுதி பண்ண ரெண்டு பேர் வேணும். வண்டி தரைலயே நிக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரல்ல எஞ்சின் ஓடட்டும். ஒருத்தர் ஸ்டியரிங்க மெதுவா ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் திருப்பட்டும், நீங்க பானட்ட திறந்து ஸ்ட்ரட் மேல் முனைல கைய வெச்சுப் பாருங்க, சில வண்டில அது வைப்பர் பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்கு அடில மறைஞ்சிருக்கும். அப்புறம் சக்கரத்துக்கு மேல கைய விட்டு ஸ்பிரிங்கோட வெளிப்பக்கத்த லேசா தொட்டுப் பாருங்க, சுருளுக்கு நடுவுல விரல விட்டுடாதீங்க தயவு செஞ்சு. நல்ல பேரிங்னா ஸ்பிரிங் வழுக்கிட்டு திரும்பும், போன பேரிங்னா முறுக்கி துள்றது கைக்கே தெரியும். அப்படியே ஸ்பிரிங்கோட அடி சுருள் உடைஞ்சிருக்கானு பாருங்க. கடைசி அரை சுருள் துருப்பிடிச்சு உடைஞ்சு தட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும், சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கிட்டத்தட்ட இதே மாதிரி வரும், உடைஞ்ச முனை டயர கிழிச்சா பெரிய ஆபத்து.

ராக்க ஏன் நான் நம்பலனா, ராக் தேய்ஞ்சா அந்த தட்டல் கரடுமுரடான ரோட்ல நேரா போகும்போதும் ஸ்டியரிங்ல கையில தெரியும், சின்னதா இடம் வலம் ஆட்டினா கடகடன்னு லூஸ் இருக்கும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. பத்து பதினஞ்சாயிரம் சும்மா போகக் கூடாது. ஸ்டியரிங் வீலுக்குள்ளயே டிக் டிக்னு கேட்டு ஏர்பேக் லைட்டும் எரிஞ்சா அது கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் வீலுக்கு அடில இருக்கற சுருள் ஒயர்), அதுவும் வேற கதை.

இதுக்கெல்லாம் முன்னாடி, இத நான் முதல்லயே சொல்லியிருக்கணும், வீல் நட் டைட்டா இருக்கானு பாருங்க. சமீபத்துல பஞ்சர் பாத்தீங்களா, டயர் மாத்தினீங்களா? லூஸ் நட்டும் திருப்பும்போது டக் டக்னுதான் சொல்லும், அது சக்கரமே கழண்டு போற விஷயம். சின்ன காருக்கு பொதுவா 85ல இருந்து 110 நியூட்டன் மீட்டர் வரைக்கும் டார்க் (முறுக்கி இறுக்கற விசை) கேக்கும், உங்க மேனுவல்ல சரியான எண் இருக்கும்.

அப்புறம் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், சக்கரத்த கீழ இருந்து பிடிச்சிருக்கற கையோட முனைல இருக்கற உருண்டை மூட்டு. ஜாக்கி போட்டு ஏத்தி, ஸ்டாண்ட் குடுத்து, சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல பிடிச்சும் ஆட்டிப் பாருங்க. மேல கீழ ஆட்டினா லூஸ் தெரிஞ்சா பால் ஜாயிண்ட் இல்ல வீல் பேரிங், பக்கவாட்டுல மட்டும்னா பெரும்பாலும் டை ராட் எண்ட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கற கம்பியோட முனை). இந்த மொத்த லிஸ்ட்ல நான் பயப்படறது பால் ஜாயிண்ட்டுக்கு மட்டும்தான். சிவி ஜாயிண்ட் கத்திக்கிட்டே பல மாசம் ஓடும், பால் ஜாயிண்ட் பிடுங்கிக்கிட்டா சக்கரம் அந்த நொடியே மடங்கி உக்காந்துடும். அதுல லூஸ் தெரிஞ்சா வண்டிய ஓட்டாதீங்க, மெக்கானிக்க வீட்டுக்கு கூப்பிடுங்க.

லிங்க் ராட் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பிய சஸ்பென்ஷனோட இணைக்கற சின்ன ராட்) பத்தி சீக்கிரம் சொல்லிடறேன், வீட்டு கேட் சரிவுல கோணலா ஏறும்போது, ஒரு சக்கரம் மட்டும் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது கட கடன்னு வந்தா அதுதான், விலையும் கம்மி வேலையும் சுலபம். முன்னாடி போய்ட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே ஒரு டிக் மட்டும் வந்தா பிரேக் பேட் இடம் மாறி உக்கார்ற சத்தமா இருக்கலாம், பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே நகத்துங்க, நின்னுடும். அப்பவும் வந்தா ஆக்சில் நட் லூஸாகவோ ஹப்ல ஸ்ப்ளைன் (ஆக்சில் முனைல இருக்கற பல்லு) காய்ஞ்சோ இருக்கும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரி பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வெச்சிருக்கறவங்க இத படிச்சா ஒரு வார்த்தை: தார் ரோட்ல ஃபோர் வீல் லீவர போட்டுக்கிட்டு ஃபுல் லாக் திருப்பினா வண்டி இழுத்து இழுத்து டொக்குனு அடிக்கும். முன் பின் சக்கரம் வேற வேற தூரம் போகணும், நடுவுல டிஃபரன்ஷியல் (ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) இல்லாததால போக முடியல, அதுதான் காரணம். பார்ட் எதுவும் கெடல, டூ வீலுக்கு மாத்துங்க, இல்லனா கெட்டுடும்.

சரி, ஒரு பக்க வெளி ஜாயிண்ட்னு உறுதியாச்சு, என்ன மாத்தறது? சத்தமே இல்லாம பூட் மட்டும் கிழிஞ்சிருந்தா பூட் கிட் போதும், சில நூறு ரூபாய்ல கிடைக்கும், கழட்டி கழுவி புது கிரீஸ் போட்டு மூடிடலாம். சத்தம் வந்தாச்சுனா பூட்டும் கிரீஸும் போட்டு பிரயோஜனம் இல்ல, குழி விழுந்தது விழுந்ததுதான், கிரீஸ் கெட்டியா இருக்கறதால ஒரு வாரம் அமைதியா இருக்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். அப்ப வெளி ஜாயிண்ட் கிட் மட்டும் வாங்கலாம், இல்ல அந்தப் பக்க ஆக்சில் மொத்தமா வாங்கலாம். உள் ஜாயிண்ட் நல்லா இருந்தா நான் வெளி ஜாயிண்ட் கிட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். உள் ஜாயிண்ட் போனா அதோட குணமே வேற, நேரா போகும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா முன்பக்கம் உதறும், அது உங்களுக்கு இல்ல. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல பழைய ஆக்சில் கழட்டி விப்பாங்க, விலை ஆசை காட்டும், ஆனா உள்ள பள்ளம் எப்படி இருக்குனு பூட்ட திறக்காம யாருக்கும் தெரியாது, அதனால நான் வாங்க மாட்டேன்.

வாங்கும்போது ரெண்டு எண் பாக்கணும், ஸ்ப்ளைன் பல்லு எத்தன, ஏபிஎஸ் ரிங் (சக்கர வேகத்த சென்சார் படிக்கற பல் வளையம்) ஜாயிண்ட் மேல இருக்கற மாடல்னா அதுல பல்லு எத்தன. ஏபிஎஸ் இல்லாத வேரியண்ட் ஜாயிண்ட்ட தெரியாம மாட்டிட்டா சத்தம் போயிடும், டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட் வந்து உக்காந்துக்கும். பழைய பார்ட்ட கையோட எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சு எண்ணிப் பாக்கறதுதான் உத்தமம்.

வேலை நடக்கும்போது கூட நின்னு பாக்க முடிஞ்சா சில விஷயம் கவனிங்க. ஆக்சில் நட்ட சக்கரம் தரைல இருக்கும்போதே லூஸ் பண்ணணும், திரும்ப மாட்டும்போது புது நட் போட்டு, டார்க் வெச்சு, விளிம்ப பள்ளத்துக்குள்ள மடக்கி அடிச்சு விடணும். ஏர் கன் வெச்சு டர்ர்ருனு அடிச்சுட்டு போறது பேரிங்குக்கு நல்லதில்ல. கிட்டோட வர்ற கிரீஸ் பாக்கெட் முழுசும் ஜாயிண்ட்டுக்கும் பூட்டுக்கும்தான், பாதிய எடுத்து வெச்சுக்க விடாதீங்க, சாதா வீல் பேரிங் கிரீஸும் கூடாது, அந்த கருப்பு மாலிப்டினம் கிரீஸ்தான் வேணும். ஆக்சில கியர்பாக்ஸ்ல இருந்து உருவினா கியர் ஆயில் கொட்டும், ஆயில் சீல புதுசா போட்டுட்டு அளவு பாத்து ஊத்தச் சொல்லுங்க. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்ட கழட்டினா அத கடைசியா டைட் பண்றது வண்டி தரைல நின்னு பாரம் ஏறினதுக்கு அப்புறம்தான், தொங்கிட்டு இருக்கும்போது டைட் பண்ணா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். இத நம்ம ஊர்ல பெரும்பாலும் யாரும் பண்றதில்ல, கேட்டா சிரிப்பாங்க, பரவால்ல கேளுங்க.

ஸ்ட்ரட் மவுண்ட் மட்டும் வீட்ல பண்ணாதீங்க. ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்கற கம்ப்ரஸர் சரியில்லாம ஸ்பிரிங் தெறிச்சா எலும்பு உடையும், உயிருக்கே ஆபத்து. மவுண்ட், பேரிங் ரெண்டையும் சேத்து ரெண்டு பக்கமும் மாத்திடுங்க, பார்ட் விலை கம்மி, கூலிதான் அதிகம், ஒரு பக்கம் போச்சுனா அதே வயசுள்ள இன்னொரு பக்கமும் பக்கத்துலதான் நிக்கும். ஸ்ட்ரட்ட கழட்டினா வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஆக்சிலுக்கு இந்த ஜோடி கணக்கு கிடையாது, நல்லா இருக்கற பக்கத்த தொடவே வேணாம், பூட் மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

எவ்ளோ நாள் தள்ளிப் போடலாம்னு அடுத்து கேப்பீங்க. ஃபுல் லாக்ல மட்டும் கேட்டா சம்பளம் வர்ற வரைக்கும் டவுன்ல ஓட்டலாம், மலையும் நெடுந்தூரமும் வேணாம். கொஞ்சம் திருப்பினாலே கேக்க ஆரம்பிச்சா, இல்ல நேரா போகும்போதே வந்தா நிறுத்திடுங்க. ஜாயிண்ட் உடைஞ்சா கியர் போட்டு ஆக்சிலேட்டர் மிதிச்சாலும் வண்டி நகராது, சக்தி பூரா உடைஞ்ச பக்கம் வழியா வீணாப் போகும். ஏத்தத்துல கியர்ல போட்டு நிப்பாட்டி வெச்ச வண்டியும் அதே காரணத்தால உருண்டுடும், ஆட்டோமேடிக்ல பார்க்ல போட்டாலும் இதே கதிதான், அதனால அதுவரைக்கும் ஹேண்ட்பிரேக்க மறக்காதீங்க, சரிவுல சக்கரத்துக்கு ஒரு கல்லும் வெச்சுடுங்க.

மெக்கானிக்கிட்ட சண்டை வேணாம். "ஓடும்போது வர்ற சத்தம் கிளட்ச் மிதிச்சா குறையுது, இந்தப் பக்க பூட் கிழிஞ்சிருக்கு, நின்னுட்டு திருப்பினா ஸ்பிரிங் துள்ளுது, இந்த மூணுக்கு மட்டும் வேலை பண்ணுங்க, ராக்கு அப்புறம் பாத்துக்கலாம், கழட்டின ஜாயிண்ட்ட எனக்குக் குடுங்க"னு சொல்லிப் பாருங்க. கழட்டின ஜாயிண்ட்ல கிரீஸ துடைச்சா பள்ளத்துல குழி கண்ணுக்கே தெரியும், விரல் நகத்துல தட்டுப்படும். அது வழவழன்னு இருந்தா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அங்கயே கேளுங்க. எல்லாம் முடிஞ்சு நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் வீல் நட்ட ஒருதடவ டைட் பாத்துட்டு, ரிம் உள்பக்கம் புதுசா கிரீஸ் தெளிச்சிருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க, தெளிச்சிருந்தா பூட் கிளாம்ப் சரியா இறுக்கல, உடனே திரும்பக் கொண்டு போங்க.